ஒரு பெயர், பல கற்கள்

எங்கள் வீட்டில் ராணுவத்துக்கு இரண்டு பெயர்கள். நானும் என் நண்பர்களும் 'மிலிட்டரி' என்போம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் எல்லாரும் சொல்வது அதுதான். அம்மாச்சி மட்டும் 'ஆமி' என்பார். வெலிங்டன் வழியாக பஸ் போகும்போது மைதானத்தில் ஓடுகிற பையன்களைப் பார்த்து, "ஆமிக்காரப் பிள்ளைங்க, இந்தக் குளிருல எப்படி ஓடுதுங்க பாரு" என்பார். அந்த 'ஆமி' அவர் கூடவே கப்பலில் வந்த சொல். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி அவர். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். நீலகிரியின் லயங்களில் இப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அரசுக் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. டவுனில் 'சிலோன்காரங்க'.

அம்மாச்சியின் தம்பி ஒருவர் வரவில்லை. அட்டன் பக்கத் தோட்டத்தில் இருந்தவர், 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற ராணுவ அதிகாரியைப் பற்றியது. 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட அவருக்கு இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. தமிழரான அவர் தமிழ் மண்ணில், தமிழர்களோடு சண்டையிட்டு இறந்தார். அவர் பெயர் இன்று பல இடங்களில் இருக்கிறது. ஆனால் என் வயதுத் தமிழ் வாசகர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கு அதை எந்தக் குரலில் சொல்வது என்று தெரிவதில்லை. எனக்கும் நீண்ட நாள் தெரியவில்லை.

*

பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தார். மாட்டுங்கா, சயான் பகுதிகளில் குடியேறிய தென்னிந்தியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1932-இல் ஒரு கல்விச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, சுருக்கமாக எஸ்.ஐ.இ.எஸ். அதன் பள்ளியிலும் கல்லூரியிலும்தான் அவர் படித்தார். 1968-இல் அறிவியலில் பட்டம். சென்னை பரங்கிமலையில் இருந்த அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972 ஜூன் 16 அன்று மகர் ரெஜிமெண்டில் அதிகாரியானார்.

மகர் ரெஜிமெண்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1941-இல் பெல்காமில் தொடங்கப்பட்ட படை அது. ராணுவத்தில் மகர்களைச் சேர்க்காமல் நிறுத்திவிட்ட பிரிட்டிஷ் கொள்கைக்கு எதிராக அம்பேத்கர் உள்ளிட்டோர் நடத்திய நெடிய போராட்டத்தின் விளைவு. அந்தப் படையின் முதல் சின்னத்தில் இருந்தது பீமா கோரேகான் தூண். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் இறந்தவர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய நினைவுத்தூண் அது. அதில் பொறிக்கப்பட்ட பெயர்களில் மகர்களின் பெயர்கள் பல. கம்பெனி தன் வெற்றியைக் கொண்டாட நட்ட கல். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது அதே கல் வேறொன்றாக மாறத் தொடங்கியது. இன்று லட்சக்கணக்கான தலித் மக்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுவது கம்பெனியைப் போற்றுவதற்காகவா? கல்லை யார் நட்டார்கள் என்பதும், அதன் முன்னால் யார் வந்து எதற்காக நிற்கிறார்கள் என்பதும் வேறு வேறு விஷயங்கள். பரமேஸ்வரன் விஷயத்திலும் இதை மறக்கக் கூடாது.

15-ஆவது மகரில் எட்டு ஆண்டுகள் இருந்தார். வடகிழக்கில் பணியாற்றினார். பிறகு 8-ஆவது மகர். படைவீரர்கள் அவரைப் 'பாரி சாகிப்' என்று அழைத்ததாகச் சொல்கிறார்கள். இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குப் போனார்.

நவம்பர் 24 இரவு. கந்தரோடை கிராமத்தில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் இறக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வருகிறது. பரமேஸ்வரன் தன் ஆட்களோடு போய்த் தேடுகிறார். திரும்பி வரும் வழியில் 25-ஆம் தேதி அவர்கள் பதுங்கித் தாக்கப்படுகிறார்கள். பரமேஸ்வரன் சுற்றி வளைத்துப் பின்பக்கமாகப் போய்ப் பாய்கிறார். கைகலப்பு. ஒருவர் அவரை மார்பில் சுடுகிறார். அவர் அந்தத் துப்பாக்கியையே பிடுங்கிச் சுட்டவரைச் சுட்டுக் கொல்கிறார். மூச்சு நிற்கும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருக்கிறார். விருதுக் குறிப்பு இதைச் சொல்லிவிட்டுக் கணக்கோடு முடிகிறது: போராளிகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன.

1988 குடியரசு தினத்தில் பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இதுவரை இந்த விருதைப் பெற்றவர்கள் 21 பேர்தான். அவர்களில் வெளிநாட்டுக்கு அமைதி காக்க அனுப்பப்பட்டு இறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், 1961 டிசம்பரில் காங்கோவில் ஐ.நா. படையில் இருந்தபோது இறந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. இன்னொருவர் பரமேஸ்வரன்.

கந்தரோடை என்ற பெயரை முதலில் நான் இந்தப் போர்க் கதையில் படிக்கவில்லை. தொல்லியல் புத்தகத்தில்தான் படித்தேன். பெருங்கற்காலம் தொட்டு மனிதர்கள் வாழ்ந்த இடம் அது. பனைகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போலச் சின்னச் சின்ன ஸ்தூபிகள். 1910-களில் பால் பீரிஸ் அங்கே ஆய்வு செய்தார். 1970-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழு தோண்டியது. அந்த ஸ்தூபிகள் தமிழ் பௌத்தர்களுடையவையா, சிங்கள பௌத்தர்களுடையவையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. இறந்தவர்களின் கற்கள் யாருக்குச் சொந்தம் என்று ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்த ஊரில்தான் பரமேஸ்வரன் விழுந்தார்.

*

இவ்வளவு வீரம் காட்டிய ஒருவரை நாம் ஏன் பேசுவதில்லை? பதில் அதே 1987-இல் இருக்கிறது.

ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தார். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் இறங்கிய இந்தியப் படைக்கு மக்கள் மாலை போட்டார்கள். காப்பாற்ற வந்திருக்கிறார்கள் என்று உண்மையாகவே நம்பினார்கள். அக்டோபர் 10-க்குப் பிறகு எல்லாம் தலைகீழ். புலிகளின் ஆயுதங்களைக் களைய 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவு ஏறக்குறைய முழுதாக அழிந்தது. சில நாட்களில் அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பரமேஸ்வரன் இறந்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து. ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு அவரைப் பொறுப்பாக்க எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இருவருடைய நினைவும் ஒரே சீருடையின் கீழ் வருகிறது. ஈழத்தமிழர் ஒருவரிடம் 'இந்தியன் ஆமி' என்று சொன்னால் அவருக்குப் பாரி சாகிப் நினைவுக்கு வரமாட்டார். அந்த ஆஸ்பத்திரி வார்டுதான் வரும்.

மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் அங்கே போயின. வெலிங்டன் பஜார் டீக்கடையில் எனக்குப் பழக்கமான ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். பேச்சு இலங்கைப் பக்கம் போனால் எழுந்துவிடுவார். ஒரு மழைநாளில் மட்டும் எழவில்லை.

"போனப்ப மாலை போட்டாங்க தம்பி. எனக்கே போட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே தெருவுல போறேன், ஜன்னல் எல்லாம் சாத்துது. ஒரு வீட்டுல தேடப் போனோம். ஒரு ஆத்தா மட்டும் இருந்துச்சு. நான் தமிழ்ல கேட்டேன், யாராச்சும் உள்ள இருக்காங்களான்னு. அது வரைக்கும் அழுவல. என் தமிழக் கேட்டதும் அழுதுச்சு. இந்திக்காரன் கேட்டிருந்தா அழுதிருக்காது."

பிறகு டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கூட வந்தவன் ஒருத்தன் அங்கயே போயிட்டான். அவன் பேரு கல்லுல இருக்கு. நான் போயி பாத்துட்டு வருவேன். யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றார்.

மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்று செல்லமாக அழைப்பது வழக்கம். பிரபாகரனை அவருக்கு மூத்தவர்கள் அழைத்ததும் 'தம்பி' என்றுதான்.

1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைகள் திருகோணமலையிலிருந்து கிளம்பின. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களை வரவேற்க அப்போதைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையைத் தன்னால் வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. இதை இன்றுவரை தேசத்துரோகம் என்று திட்டுபவர்கள் உண்டு, தன்மானம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஆஸ்பத்திரியை மறந்துவிட்டு மாலையோடு போயிருக்க முடியாது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் அந்த ஹவில்தார் போன்றவர்களும் இருந்தார்கள். போகச் சொன்னவர்கள் டெல்லியில் இருந்தார்கள். மாலை போடுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

*

அதற்குப் பிறகு கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவை வந்த வரிசையும் இடமும் கவனிக்க வேண்டியவை.

சென்னையில் பரமேஸ்வரன் படித்த பயிற்சிப் பள்ளி, அவர் இறந்த சில வாரங்களில், 1988 தொடக்கத்தில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்று பெயர் மாறியது. அங்கே பயிற்சி முடித்து வெளியேறும் இளம் அதிகாரிகள் அணிவகுத்துச் செல்லும் மைதானத்தின் பெயர் பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையை ஒட்டி ராணுவக் குடும்பங்களுக்கான குடியிருப்பு ஒன்றின் பெயர் பரமேஸ்வரன் விஹார். வடபழனிப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பெயரை ஆட்டோக்காரரிடம் அடையாளமாகச் சொல்வார்கள். ஏதோ கோயில் பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தலைநகரின் மையத்தில் இருக்கிறார், ஆனால் சிவன் பெயருக்குள் மறைந்து இருக்கிறார்.

வெளிநாட்டில் பெரிய கல் 2008-இல் வந்தது. கொழும்பை ஒட்டி, இலங்கை நாடாளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், இறந்த இந்திய வீரர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் பொறித்து இலங்கை அரசு நினைவுச் சின்னம் எழுப்பியது. இந்தியப் பிரதமர் மோடி 2015-இலும் 2025-இலும் அங்கே மலர்வளையம் வைத்தார். யாழ்ப்பாணத்தில் பலாலியிலும் ஒரு நினைவிடம் உண்டு.

இதில் இருக்கும் விசித்திரத்தை யோசித்துப் பாருங்கள். இந்தியப் படையை நாட்டைவிட்டுப் போகச் சொன்னது இலங்கை அரசு. அதோடு நிற்கவில்லை. 1989-90-இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு இந்தியப் படையோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தது. அந்தத் தோட்டாக்களில் சில இந்தக் கல்லில் இருக்கும் பெயர்களைத் துளைத்திருக்கக்கூடும். அதே அரசு பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர்களுக்குக் கல் நடுகிறது. எப்போது? வன்னியில் கடைசிப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, இந்தியாவின் நட்பு மிகத் தேவைப்பட்ட நேரத்தில். நினைவுச் சின்னம் என்பது இறந்தவர்களுக்கு மட்டும் எழுப்பப்படுவதில்லை. உயிரோடு இருக்கும் யாரோ ஒருவருக்கான செய்தியும் அதில் இருக்கும்.

இந்தியாவில் பல ஆண்டுகள் இந்தப் படையின் முன்னாள் வீரர்கள் தாங்களாகவே கூடி அஞ்சலி செலுத்தினார்கள். 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த ஏறக்குறைய 26,000 வீரர்களின் பெயர்களோடு இவர்கள் பெயர்களும் வந்தன. அங்கே பரம் யோதா ஸ்தலத்தில் 21 விருதாளர்களின் மார்பளவுச் சிலைகளில் பரமேஸ்வரனும் இருக்கிறார். 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்கு அந்த 21 பேரின் பெயர்களை வைத்தார்கள். பாக் நீரிணையின் மறுகரையில் இறந்தவருக்கு வங்காள விரிகுடாவில் ஒரு தீவு.

இதே வரிசையில் நீலகிரியின் ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். கொழும்பில் கல் எழும்பிய அதே 2008-இல், ஜூன் 27 அன்று, வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா காலமானார். ஊட்டி பார்சி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை. 1971 போரை வென்ற தளபதிக்கே அந்த நிலைமை. அரசுகளின் நினைவாற்றல் தேவையைப் பொறுத்து வேலை செய்யும்.

*

மறுபக்கத்துக் கற்களுக்கு என்ன ஆனது?

பரமேஸ்வரன் இறந்தது நவம்பர் 25. புலிகள் தங்கள் மாவீரர் நாளாகக் கொண்டாடியது நவம்பர் 27. 1982-இல் அந்த நாளில் இறந்த சங்கரின் நினைவாக, 1989-இலிருந்து. இரண்டு நாள்தான் இடைவெளி. கந்தரோடையில் அன்று இறந்த ஐந்து பேரும், அவர்களுக்கு வீடு என்று ஒன்று மிஞ்சியிருந்தால், நவம்பர் 27 அன்று விளக்கு ஏற்றப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள். நம்முடைய விருதுக் குறிப்பில் அவர்கள் ஒரு எண்ணிக்கை. இன்னொரு பட்டியலில் பரமேஸ்வரனும் அப்படி ஒரு எண்ணிக்கையாகத்தான் இருந்திருப்பார்.

இறந்த போராளிகளை அடக்கம் செய்த இடங்களுக்குத் 'துயிலும் இல்லம்' என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒன்று இருந்தது. 1995-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த இலங்கை ராணுவம் அதை இடித்தது. 2002 போர்நிறுத்தக் காலத்தில் மக்கள் திரும்பக் கட்டினார்கள். போர் முடிந்த பிறகு மறுபடியும் தரைமட்டமாக்கி, அதன் மேலேயே ராணுவ முகாம் கட்டினார்கள். பக்கத்துச் சாலையோரத்தில் நின்று தாய்மார்கள் விளக்கு ஏற்றுகிறார்கள். பெரியாஸ்பத்திரி ஊழியர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று கொல்லப்பட்ட சக ஊழியர்களின் படங்களுக்கு முன்னால் கூடி நிற்கிறார்கள். அதற்குப் பிரதமர்கள் யாரும் மலர்வளையம் அனுப்புவதில்லை.

ஒரே குடாநாட்டில், ஒருவரையொருவர் கொன்ற இரண்டு தரப்பில் ஒரு தரப்பின் கல் பாதுகாக்கப்படுகிறது, இன்னொன்று புல்டோசரின் கீழ் போகிறது. இதைப் பார்க்கிற யாழ்ப்பாணத்துத் தாய்க்குப் பலாலி நினைவிடத்தின் மேல் என்ன தோன்றும்? நான் பரமேஸ்வரனை மதிக்க விரும்பினால் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் அது முடியாது என்று எனக்குத் தோன்றியது. அவருடைய வீரத்தைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால் அது விளம்பரப் படம். இதை மட்டும் சொல்லிவிட்டு அவரை விட்டுவிட்டால், தன் ஆட்களைக் காப்பாற்ற முன்னால் பாய்ந்த ஒரு மனிதரை, அவர் போட்டிருந்த சட்டைக்காக மட்டும் மறப்பதாகும்.

*

இந்தச் சிக்கல் முழுவதும் வெலிங்டனில் ஒரு சதுர மைலுக்குள் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை.

மதராஸ் ரெஜிமெண்ட் மையம் இங்கே இருக்கிறது. பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்த பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியும் இங்கேதான். மலைரயிலில் அடுத்த ஸ்டேஷன் அரவங்காடு. தோட்டாக்களுக்கான வெடிமருந்தை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்யும் கார்டைட் தொழிற்சாலை அங்கே. சுற்றிலும் மலைச்சரிவுகளில் தேயிலை. அதில் ஒரு பகுதியைக் கிள்ளியவை நுவரெலியாவிலும் அட்டனிலும் கிள்ளிப் பழகிய கைகள்.

2012 ஆகஸ்டில் அந்த அதிகாரிகள் கல்லூரிக்கு இலங்கை ராணுவ அதிகாரிகள் இரண்டு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். முதல்வர் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்து டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2013-இலும் அதே பிரச்சனை கிளம்பியது, போராட்டங்கள் நடந்தன. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் கோஷம் போட்டேன். அந்தக் கோஷத்தில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சிங்கள ஆமிதான் வரக்கூடாதா, எல்லா ஆமியுமா?" அன்று அதை வயதானவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன்.

2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. அந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, வீட்டுப் போர்வைகளை எடுத்துக்கொண்டு. மறுநாள் உடல்கள் வெலிங்டனிலிருந்து மலை இறங்கியபோது வழிநெடுக மக்கள் நின்று ஆம்புலன்ஸ்கள் மேல் பூப்போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் என்னைப் போல 'சிலோன்கார' வீட்டுப் பிள்ளைகளும் நின்றோம். கொள்கை ஒன்றும் யோசிக்கவில்லை. பிணம் போகும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மானெக்‌ஷாவுக்கு வராத டெல்லியும் இந்த முறை வந்தது.

*

குன்னூருக்குக் கீழே மேலூர்ப் பக்கமும் கோத்தகிரிப் பக்கமும் பழைய கல்திட்டைகள் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் இவற்றைப் பற்றி எழுதியது 1873-இல் புத்தகமாக வந்தது. சில கற்களில் வில்லோடும் வாளோடும் மனித உருவங்கள், மாடுகள், பெண்கள். வீரகல் என்கிறார்கள். யார், எந்தச் சண்டை, எந்தப் பக்கம் என்று அந்த உருவங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சமவெளியில் எழுத்தோடு கூடிய நடுகற்கள் நிறைய. செங்கம் பகுதியில் கிடைத்தவற்றை 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டது. பெரும்பாலும் மாட்டுச் சண்டைகள். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு, மந்தையை மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. 'பட்டான்' என்ற ஒரே வினைச்சொல்தான் இருவருக்கும். கவர்ந்தவன் திருடன், மீட்டவன் தியாகி என்று கல் பிரிப்பதில்லை. தொல்காப்பியமும் வெட்சி, கரந்தை என்று இருபக்கப் போரையும் சொல்லி, கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வரிசைப்படுத்துகிறது. அதில் இறந்தவன் எந்தப் பக்கம் என்ற நிபந்தனை இல்லை.

பழங்காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சண்டைகளிலும் சாதாரணர்கள்தான் செத்தார்கள், மாடுகள் பெரும்பாலும் தலைவன் வீட்டுக்குத்தான் போயின. ஆனால் அந்தக் கல் ஒரு காரியத்தை எளிதாகச் செய்தது. போர் சரியா என்ற கேள்வியையும் இறந்தவனுக்குத் துக்கம் காப்பதையும் அது தனித்தனியாக வைத்திருந்தது. நவீன அரசு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அதனால்தான் பரமேஸ்வரனுக்குக் கும்பிடு போட்டால் ஆபரேஷன் பவனை ஆமோதித்ததாகிவிடுகிறது. கோப்பாயில் விளக்கு ஏற்றினால் குற்றமாகிவிடுகிறது.

என்னால் ஆபரேஷன் பவனை ஆமோதிக்க முடியாது. அரசியல்வாதிகள் அவசரத்தில் எடுத்த முடிவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் இரண்டு பக்கமும் உயிர் கொடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதே நேரம், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தன் ஆட்களைப் பற்றி யோசித்த ஒருவர் இருந்தார் என்பதையும், அவர் தமிழ் பேசிய ஒரு பம்பாய்க் குடும்பத்துப் பிள்ளை என்பதையும் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டியிருக்கிறது. நாக்கு தடுக்கத்தான் செய்யும்.

போன நவம்பர் 25 அன்று கோத்தகிரியில் விடாத மழை. அம்மாச்சிக்குப் பரமேஸ்வரனின் கதையை முதல் முறையாக முழுதாகச் சொன்னேன். ஃபோனில் கொழும்புச் சுவரின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரா?"

"ஆமா."

"நம்ம புள்ளைங்களா?"

எந்த 'நம்ம' என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆமா என்றேன்.

"ஆமிக்காரன் பேரு இதுல இருக்கு. பொடியன்க பேரு அங்கிட்டு எங்கயோ இருந்துச்சுங்கிற. எந்தம்பி பேரு எதுல இருக்கும்? அவன் ரெண்டுலயும் சேரலையே."

பதில் சொல்லத் தெரியாமல் ஃபோனை அணைத்தேன். கார்த்திகை மாதம். அம்மாச்சி வாசலில் வைக்க இரண்டு அகல் எடுத்து வந்தார். மழைச்சாரல் படாத மூலையாகப் பார்த்து வைத்தார். அன்றைக்கு மூன்றாவதாக ஒன்றை நான் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை.